சம்பந்தி வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு

போன ஆவணியில், திருச்சி கே.கே. நகரில் என் மகளின் மாமியார் வீட்டில் நடந்தது இது. மகளுக்கு வளைகாப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் என்று தூக்குத் தூக்காகக் கட்டிக்கொண்டு காலையிலேயே போய் இறங்கினோம்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கிய சமயத்தில் எனக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. இதயத் துடிப்பு குறைகிறது என்று இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றே என் வீட்டுக்காரர் சட்டம் போட்டுவிட்டார். "வெளில மூச்சு விடக் கூடாது. அம்மாவுக்கு நெஞ்சுல மெஷின்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் ஏதாவது இருக்குமோன்னு யோசிப்பாங்க. அப்புறம் எவன் வந்து கட்டுவான்?"

பெண்ணைப் பெற்றவள், வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றார். கல்யாணமும் முடிந்தது. "இப்பப் போய்ச் சொன்னா மறைச்சுட்டோம்னு ஆயிடும்" என்றார். என்ன ஒரு நியாயம் பாருங்கள்!

வளைகாப்பன்று சம்பந்தியம்மா வீட்டில் கேஸ் தீர்ந்துபோய், பதிவு செய்திருந்த சிலிண்டர் வரவில்லை. மேடைமேல் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருந்தது. அரிசியும் பருப்பும் குழைய வெந்து தயாராக இருந்தன. வெல்லப்பாகு ஊற்றி, நெய் விட்டுக் கிளறினால் சர்க்கரைப் பொங்கல். சம்பந்தியம்மா கரண்டியை என் கையில் கொடுத்தார். "இது மட்டும் பொண்ணைப் பெத்தவங்க கையாலதான் கிளறணும். எங்க வீட்டு வழக்கம், சம்பந்தி."

இண்டக்‌ஷன் அடுப்பு எரியும்போது அதன் காந்த சக்தி மெஷினைக் குழப்பிவிடலாம், அதனால் நெஞ்சு அதிலிருந்து இரண்டடியாவது தள்ளி இருக்க வேண்டும், குனிந்து நின்று கிளறவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் கேஸ்தான் என்பதால் அதுவரை எனக்குப் பிரச்சினை வந்ததில்லை.

சமையலறை வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டியவர்தான். இப்போது கண்ணை உருட்டி, சும்மா இரு என்று ஜாடை காட்டினார்.

கையை நீட்டி, தள்ளி நின்றே கிளறத் தொடங்கினேன். "என்ன சம்பந்தி, பாத்திரம் கடிச்சுடுமா? கிட்டப் போய் நல்லா அடியோட கிளறுங்க, பிடிச்சுக்கப் போகுது" என்று சம்பந்தியம்மா சிரித்தார். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். பொங்கல் இறுக ஆரம்பித்தது. தள்ளி நின்று கிளறினால் கரண்டி நகரவில்லை. மானம்தான் பெரிதென்று நானும் மேடையோடு ஒட்டி நின்று, குனிந்து கிளறினேன்.

கொஞ்ச நேரம்தான். தலை கிறுகிறுவென்றது, கண் இருட்டியது. கரண்டி கைநழுவி விழுந்தது. சம்பந்தியம்மாதான் பாய்ந்து வந்து என்னைத் தாங்கிக் கூடத்துக்கு இழுத்துப்போய் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார்.

"ஐயய்யோ, என்ன ஆச்சு? டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்று பதறினார்.

"ஒண்ணுமில்லீங்க, லோ பிபி" என்றார் என் வீட்டுக்காரர்.

அவரை விடுங்கள். அவர் குணம் எனக்குத் தெரியும். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த என் மகளைத்தான் நம்பிக்கையோடு பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். என் முகத்தைப் பார்க்காமல் அவள் மாமியாரிடம் சொன்னாள்: "அம்மா காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலத்தே, அதான்."

எனக்கு வயிறு எரிந்தது. அடுப்பை விட்டு விலகியதும் தலைச்சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டபின் மகளின் முகத்தைப் பார்க்காமலேயே வளையல் அடுக்கினேன், பொட்டு வைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். மெஷின் நன்றாகத்தான் வேலை செய்கிறது, அடுப்பால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இனி அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், யாரையும் கேட்காமல் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அந்தப் பக்கமிருந்து ஒரே திட்டு. "உங்களுக்கென்ன பைத்தியமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்கள அந்த அடுப்பாண்ட விட்டிருப்பேனா? வழக்கமாவது மண்ணாவது! உங்களுக்கு ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்க பொண்ணைப் பாப்பேன்?" என்றவர் அழுதுவிட்டார். பெண்ணுக்கும் ஏதாவது இருக்குமோ என்று ஒரு சொல் கேட்கவில்லை.

என் மகள் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டாள், பேரனையும் என் மடியில் போட்டாள். கொஞ்சுகிறேன், குளிப்பாட்டுகிறேன், எல்லாம் செய்கிறேன். ஆனாலும், விவரம் தெரியாத சம்பந்தி என்னைத் தாங்கிப் பிடித்தபோது, தெரிந்த இரண்டு பேரும் என் உயிரைவிட அந்தப் பொய்யைத்தான் காப்பாற்றிக்கொண்டு நின்றார்கள் என்பது இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.