ஏழாம் கட்டிலின் காலித் தட்டு

வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளும் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் சிஐடி அக்கா. இருபது வருடமாக ஒரே வார்டு. கணவர் உப்பு வாங்கி வந்தால்கூட நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே டப்பாவில் கொட்டுகிற ரகம்.

ஏழாம் கட்டிலில் பக்கவாதம் வந்த ஓய்வுபெற்ற தபால்காரர்; சர்க்கரை நோயும் உண்டு. மூன்று நாளாக அவர் தட்டு துடைத்து வைத்ததுபோல் திரும்பியது. நர்ஸ் 'முழுதும் சாப்பிட்டார்' என்று எழுதி, அதற்குத் தக்க இன்சுலின் போட்டாள். மனிதருக்கோ கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. இன்று காலை வியர்த்துக் கொட்டி மயங்கியே விட்டார்.

"வயித்துல வேற ஏதோ இருக்கு. நாளைக்கு மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பாத்துடலாம். இதயம் தாங்கணும்" என்றார் டாக்டர்.

அந்தச் சோறு வேறு யார் வயிற்றுக்கோ போகிறது என்று அக்காவுக்குப் பட்டது. முதலில் நர்ஸ் மேல் சந்தேகம். பிறகு, பையோடு வந்துபோகும் அவர் மகன் மேல். மதியம் வண்டியை வராந்தாவில் விட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள். தபால்காரரே தட்டை ஆறாம் கட்டிலுக்கு நீட்டிக்கொண்டிருந்தார்!

"ஏங்கய்யா இப்படி?"

"விழுங்கப் பழக்குற அம்மா சொன்னாங்க. நான் பக்கத்துல இல்லாம ஒரு வாய் வைக்காதீங்க, புரையேறிடும்னு."

"அத எங்ககிட்ட சொல்றதுக்கென்ன?"

"சோறு திரும்பிப் போனா உங்க வேலை போயிடுமாம். இவன்தான் சொன்னான்."

ஆறாம் கட்டில் வாயைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

டாக்டரும் நர்ஸும் விழுங்கப் பழக்கும் பயிற்சியாளரும் பேசிக்கொண்டிருந்த அறைக்குள் அவள் நேரே நுழைந்தாள்.

"அக்கா, இங்க மீட்டிங் நடக்குது" என்றாள் நர்ஸ்.

"தெரியுது சிஸ்டர். தட்டப் பாத்து எழுதுனீங்க, யார் தின்னான்னு பாத்தீங்களா?"

அக்கா கண்டதையெல்லாம் சொன்னாள். "ஐயோ, சாப்பிடாத மனுஷனுக்கா இன்சுலின் போட்டேன்! அதான் மயங்கிட்டாரு" என்றாள் நர்ஸ். பயிற்சியாளர் பதறினாள்: "தனியா சாப்பிடலாம்னு மறுநாளே என் ஃபைல்ல எழுதிட்டேனே!"

"உங்க ஃபைல அவரா எந்திரிச்சு வந்து படிப்பாரு?"

டாக்டர் குழாய்ச் சோதனையை ரத்து செய்தார். நால்வரும் ஏழாம் கட்டிலுக்கு நடந்தார்கள். பயிற்சியாளர் அவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்தாள்.

தபால்காரர் நாலு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாரும் சேர்ந்து வந்திருக்கீங்க. எனக்கு ரொம்ப மோசமா?"

"இல்லவே இல்லங்கய்யா" என்றாள் நர்ஸ்.

அவர் நம்பவில்லை. டாக்டரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வாய் விழுங்கினார்.