நிற்கிற வீட்டையும் சேர்த்து

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சத்தம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? கர்ர்... கர்ர் என்று ஒவ்வொரு வரியாக ஜாதகம் இறங்கும். காகிதத்தைக் கிழித்து எடுத்தால் ரிப்பன் மை விரலில் ஒட்டும்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் அங்கே இருந்தேன். நான் டைப் அடிப்பேன். என் வயசுக்காரி கலா கோடு போடுவாள்.

கம்ப்யூட்டர் கட்டம் மட்டும்தான் போடும். எந்தக் கிரகம் எந்த வீட்டைப் பார்க்கிறது என்று கலாதான் ஸ்கேல் வைத்து இழுப்பாள். குருவுக்குப் பச்சை, செவ்வாய்க்குச் சிவப்பு, சனிக்கு நீலம். ஜோசியம் தெரியாதவர்களுக்கும் பார்த்ததும் புரியும். கூட்டமே அதற்குத்தான்.

ஒருநாள் கலா தன் ஜாதகத்தையே பிரிண்ட் எடுத்தாள். மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள். ஏதோ கல்யாணத்தில் அவனைப் பார்த்திருக்கிறாள், பேசியதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பேரைச் சொன்னாலே அவள் முகம் மாறிவிடும்.

"எனக்கு நானே கோடு போட்டுக்கினா ஆவாதுடி. நீ போடேன்."

போட்டேன். முதல் தடவை. எதிர்வீட்டைப் பார்க்கும் ஏழாம் பார்வைக்கு எண்ணவே வேண்டாம். சனிக்கு மூன்றாம் பார்வை என்று ஒன்று உண்டு, அதற்கு எண்ண வேண்டும். டவுன்ஷிப்பில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டிலிருந்து மூணாவது குவார்ட்டர்ஸ் என்றால் எங்கள் வீட்டைத் தள்ளிவிட்டுத்தானே எண்ணுவோம்? அப்படியே எண்ணி இழுத்துவிட்டேன். கலா வெட்கத்தில் பார்க்காமலே மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. ஜாதகம் சேரவில்லையாம். கலா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் வந்தாள், கோடு போட்டாள்... பேச்சுதான் குறைந்துபோனது.

அப்புறம் ஒருநாள் கடையில் கூட்டம். நானும் ஸ்கேலை எடுத்தேன். கலா எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, நிக்கிற வூட்ட வுட்டுட்டு எண்ணுற? அதையும் சேத்துதான் எண்ணணும்."

கலாவுக்கு நான் போட்ட கோடு ஞாபகம் வந்தது. பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராகப் பஸ் ஏறினேன். மேல்பட்டாம்பாக்கத்தில் விசாரித்து விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பையனின் அம்மா ஜாதகத்தை எடுத்து வந்து காட்டினார். நான் போட்ட நீலக் கோடு, ஆறாம் வீட்டில் விழ வேண்டியது, கல்யாண வீடான ஏழாம் வீட்டில் விழுந்திருந்தது.

"இத பாத்துதாம்மா வேணான்னோம். போன வாரந்தான் வேற எடத்துல பூ வெச்சிட்டு வந்தோம். இப்ப வந்து சொல்றியே..."

அந்த அம்மா திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

திரும்பி வந்து கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஸ்கேலைக் கீழே வைத்தாள். அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் துன்னல தான?"

அழுதுகொண்டே தின்றேன். அவள் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கடனை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

போன மாதம் கலாவைப் பார்த்தேன். மகளுக்கு வரன் வந்திருக்கிறதாம். போனில் ஜாதகத்தைக் காட்டினாள். இப்போதெல்லாம் ஆப்பே கலர் கலராகக் கோடு போட்டுவிடுகிறது. தப்பே வராதாம். பேனாவும் வேண்டாம், ஸ்கேலும் வேண்டாம், பக்கத்தில் ஒருத்தியும் வேண்டாம்.

என் விரல் தானாகச் சனியிடம் போனது. ஒண்ணு, ரெண்டு...

கலா திரையைக் கையால் மூடினாள்.

"எண்ணாதடி. எம் பொண்ணுக்கு அவன புடிச்சிகீது. மாப்ள வூட்டுக்கும் சரின்னு சொல்லி அனுப்பிட்டேன்."