மூக்கில்லாதவனுக்கு டின் போதும்

சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்று கல்யாணத்துக்கு முன்பே என் மனைவிக்கு வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை இன்றுவரை மீறியதில்லை. பைப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணமான கொஞ்ச நாளில் பைப்பும் வாயுமாக வந்து நின்றபோது அவள் என்னைப் பார்த்த பார்வை, அவளிடம் கணக்குப் படித்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். விடை சரி, வழிதான் திருட்டு வழி என்றால் அப்படித்தான் பார்ப்பாள்.

பைப் பிடிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. டின் கட்சி, உதிரிக் கட்சி. டின் என்பது வெளிநாட்டிலிருந்து தகர டப்பாவில் அடைத்து வருகிற புகையிலை. மேலே படம் போட்டு, உள்ளே என்ன மணம் என்று எழுதியிருக்கும். உதிரி என்பது கடையில் கண்ணாடி ஜாடியில் இருப்பது. கேட்ட அளவு நிறுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் புதுச்சேரியில் டின்னுக்குத்தான் மவுசு. தெருவுக்கு நாலு பேராவது பிரான்சில் இருக்கிறார்கள். லீவுக்கு வரும்போது டின் வரும், டின் காலியான பிறகும் ஷோகேசில் உட்கார்ந்திருக்கும். எனக்குப் பிரான்சில் ஒருவரும் இல்லை. ஆகவே நான் கொள்கையளவில் உதிரிக் கட்சி.

மிஷன் வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நான் வாங்கும் கடை இருக்கிறது. அங்கே ஒரு வழக்கம். உதிரி கேட்டால் கடைக்காரர் உடனே நிறுத்துவிட மாட்டார். ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நம் உள்ளங்கையில் வைப்பார். நாம் அதைக் கசக்கி மோந்து பார்த்து ஏதாவது கருத்துச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் தராசில் கை வைப்பார். பைப் பிடிக்கிற எல்லாரும் அவருக்கு முசியேதான், அதாவது பிரெஞ்சில் ஐயாதான் என்றாலும், என் கருத்துக்குத் தனி மரியாதை இருந்தது. "இன்னும் ஒரு வாரம் பழுக்கணும்" என்பேன். "முசியே சொன்னா சரி" என்று ஜாடியை மூடி உள்ளே வைப்பார். லாஸ்பேட்டை ஆபீசில் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டும் கிடைக்காத மரியாதை அது. மூக்கால் கிடைத்தது.

அந்த மூக்குத்தான் கொரோனாவில் போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பவில்லை. காபி வெறும் சூடு. மீன் குழம்பு வெறும் உறைப்பு. பைப் வெறும் புகை.

இதை மனைவியிடம் சொல்லவில்லை. காரணம் ஒன்றுதான். இத்தனை காலம் அவள் சண்டை போடும்போதெல்லாம் நான் ஒரே பதிலைச் சொல்லிவந்தேன்: "இது பழக்கம் இல்லம்மா, ரசன. இந்த வாசன உனக்குப் புரியாது." மூக்கே இல்லை என்று தெரிந்தால் ரசனை எங்கே நிற்கும்? அன்றைக்கே பைப் குப்பை வண்டியில் போய்விடும். ருசியே தெரியாத பைப்பைக் காப்பாற்ற ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன், பயம்தான். பைப்பும் போய்விட்டால் என் மூக்கு திரும்பாது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

வீட்டைச் சமாளித்தேன். கடையில் மாட்டிக்கொண்டேன். கடைக்காரர் வழக்கம்போல ஒரு சிட்டிகை கையில் வைத்தார். வழக்கம்போலக் கசக்கினேன், கண்ணை மூடி மோந்தேன், "அடடா, இப்பதான் பதமா வந்திருக்கு" என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"முசியே, இது பூஞ்ச புடிச்ச சரக்கு. கடல்காத்துல கெட்டுப் போனது. உங்க கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு கொட்டலாம்னு வெச்சிருந்தேன்."

"வெளயாட்டுக்குச் சொன்னேன்" என்று சிரித்தேன். பிறகு என் கட்சியையே காட்டிக்கொடுத்து, "அந்த டின்னுல ஒண்ணு குடுங்க" என்றேன்.

டின்னின் அருமை அன்றுதான் எனக்குப் புரிந்தது. உதிரிக்கு மூக்கு வேண்டும். டின்னுக்குக் கண் போதும். செர்ரி என்று எழுதியிருந்தால் செர்ரி. வெனிலா என்றால் வெனிலா. வீட்டில் பற்றவைத்துக்கொண்டு லேபிளில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். "செர்ரி மொதல்ல வருது பாரு, அப்புறமா லேசா தேன்." அவள் ஜன்னலைத் திறக்கவில்லை. "கேக்குக் கட மாதிரி இருக்கு, பரவால்ல" என்றாள். எதிர்வீட்டுக்காரர், எனக்குப் பிரான்சில் புதிதாக யாரோ சொந்தம் முளைத்திருப்பதாக முடிவு கட்டி, வணக்கத்தைக் கொஞ்சம் நீட்டினார். மூக்கறுபட்டவனுக்கு இவ்வளவு கௌரவமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அவள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். "அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருக்கிறது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் நிதானமாகப் பைப்பை அடைத்து வாயில் வைத்து, தீப்பெட்டியை எடுத்தேன்.

"கீழ போடுங்க! போடுங்க அத!"

மாடிப்படியிலிருந்து அவள் கத்திய கத்தலில் தீப்பெட்டி தானாகவே விழுந்தது. ஓடிப்போய் கேஸை மூடினாள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள். பிறகு என் எதிரே வந்து நின்றாள்.

"எப்பத்துலேந்து?"

"என்ன எப்பத்துலேந்து?"

"மூக்கு."

சொன்னேன். "அதான் டின்னா" என்றாள். கணக்கு டீச்சரிடம் இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் உப்பளம் ஏரியாவில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "தினமும் ரெண்டு வேள வாசன புடிச்சிப் பழகணும். எலுமிச்ச, கிராம்பு, காபித்தூள், எதுவா இருந்தாலும் உங்க மூக்குக்கு ரொம்பப் பழக்கமானதா இருக்கணும். பொகை மட்டும் கூடவே கூடாது" என்றார். பைப்பின் ஆயுள் அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து, "அந்தக் கடைக்கு விடுங்க" என்றாள். கடைக்காரரோடு சண்டை போடப் போகிறாள் என்று நினைத்து, வழியெல்லாம் மெதுவாகவே ஓட்டினேன்.

அவளைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து நின்றார். "இவரு வழக்கமா வாங்கறது குடுங்க. டின்னு வாணாம், உதிரி" என்றாள். அவர் வழக்கத்தை விடவில்லை. சிட்டிகையை அவள் உள்ளங்கையில் வைத்தார், கருத்துக்காகக் காத்திருந்தார். அவள் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இது இல்ல." அடுத்த ஜாடி. "இதுவும் இல்ல. இது ரொம்ப சாது." மூன்றாவதை மூக்கருகில் கொண்டுபோனதும் இருமல் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. "இதான்" என்றாள்.

"கரெக்டுமா. எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"இத்தன வருஷமா தலகாணியில மோந்துட்டு இருக்கேன். தெரியாதா?"

நான் ஷோகேசில் இருந்த டின்களைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரசனை என்று நான் பீற்றிக்கொண்ட அதே வாசனையை அவளும் என்கூடவே சுமந்திருக்கிறாள், பிடிக்காமலே.

"பைப்புக்குத்தானே?" என்று நிறுத்துக்கொண்டே கேட்டார் கடைக்காரர்.

"மருந்துக்கு" என்றாள்.

பைப் பரணுக்குப் போய்விட்டது. இப்போது காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, எலுமிச்சையும் கிராம்பும் ஆன பிறகு, அவள் சமையல் கையோடு வந்து உதிரியைப் போட்டு வைத்த டப்பாவைத் திறக்கிறாள். முதலில் தானே மோந்து பார்க்கிறாள், மணம் செத்துப்போகவில்லை என்று தெரிந்துகொள்ள. இருமுகிறாள். பிறகு ஒரு சிட்டிகையை என் மூக்கடியில் பிடிக்கிறாள். அது என்ன வாசனை என்று எனக்குச் சொல்கிறாள். நனைந்த சாக்கு என்கிறாள், அதற்கு அடியில் கொஞ்சம் வெல்லம் என்கிறாள். மழையில் நான் ஆபீசிலிருந்து வந்து கழற்றிப்போடும் சட்டை என்கிறாள். இவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் என்னிடம் பேசி வெகு காலமாகிறது.

போன வாரம் ஒரு நாள் காலையில், விரலைக் கிட்டே கொண்டுவந்தபோது, முதலில் பூண்டு வந்தது. அவள் விரலிலிருந்த பூண்டு. அதற்குப் பின்னால், மிக மெலிதாக, நனைந்த சாக்கும் வந்தது.

"வருதா?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு."