கைபேசிக் கண்காணிப்பாளர்

நாளிதழ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தொழிலாளர் சட்டத்தில் ஓராண்டு டிப்ளமோ சேர்ந்தேன். துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. கேட்டவர்களிடம் சட்டத்தில் ஆர்வம் என்று சொன்னேன். வார இறுதியில் நான் வீட்டில் இல்லாதது வீட்டிலிருந்த எல்லோருக்கும் வசதியாக இருந்ததைச் சொல்லவில்லை.

வகுப்பில் நான்தான் மூத்தவன். பாடம் எடுக்கும் வழக்கறிஞர் மேடத்துக்கு என் மகள் வயது. மற்றவர்கள் மில்லிலும் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். எல்லோர் கையிலும் கைபேசி. சட்டப் பிரிவைத் தேடுபவர், தீர்ப்பைப் படிப்பவர், மதியச் சாப்பாட்டுக்குக் கடை பார்ப்பவர், எல்லோரும் ஒரே மாதிரிதான் குனிந்திருப்பார்கள்.

முதல் பெஞ்சில் கருமத்தம்பட்டியிலிருந்து வரும் பெண்மணி. விசைத்தறி ஓடும் வீட்டில் பிறந்து, தறி ஓட்டி வளர்ந்தவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. தண்ணீர் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்திருப்பார். மேடம் பேசப் பேச, அது திரையில் தமிழ் எழுத்தாக ஓடும். அதைப் படித்துத்தான் பாடம் கேட்டார். ஒரே சிக்கல், எங்கள் வகுப்பறை தரைக்குக் கீழே இருந்தது. சிக்னல் கிடையாது. கல்லூரி வைஃபை மட்டும் நூலிழை போல வரும். யாராவது வீடியோ பார்த்தால் இந்தப் பெண்மணியின் திரையில் எழுத்து நின்றுவிடும்.

நின்றதும் கையைத் தூக்குவார். "மேடம், நூலு அறுந்துபோச்சுங்க."

தறியில் நூல் அறுந்தால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். அதே பழக்கம் வகுப்புக்கும் வந்தது. மேடம் பேச்சை நிறுத்துவார். எல்லோரும் கைபேசியைக் கவிழ்த்து வைப்பார்கள். அவர் "ஓடுதுங்க" என்றதும் பாடம் தொடரும்.

இது அடிக்கடி நடக்கவே, மேடம் ஒரு ஏற்பாடு செய்தார். "சார், நீங்க பேப்பர்ல இருந்தவரு. உங்க கண்ணுக்குத் தப்பாது. யாரு வீடியோ பாக்கறாங்கன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லிப்போடுங்க."

ஏற்றுக்கொண்டேன். பல்லாயிரம் செய்திகளில் பிழை பிடித்தவன், இது ஒரு வேலையா? என்னிடம் ஒரு கோட்பாடும் இருந்தது. சட்டம் படிப்பவர் புருவத்தைச் சுருக்குவார், வீடியோ பார்ப்பவர் லேசாகச் சிரிப்பார். இந்தக் கோட்பாட்டின்படி மதுக்கரை சிமென்ட் ஆலையில் வேலை பார்க்கும் இளைஞரை நான் பலமுறை சந்தேகித்தேன். அவர் எப்போதும் சிரித்த முகமாக இருந்தார்.

தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பு. தொடங்கும் முன்பே அந்தப் பெண்மணி மேடத்திடம் சொன்னார்: "போன தடவ இந்தப் பேப்பர்லதாங்க போயிருச்சு. இன்னைக்கு ஒண்ணு விடாம வேணுமுங்க. இதையும் விட்டா ஊட்டுல மறுபடியும் அனுப்ப மாட்டாங்க."

பாடம் தொடங்கியது. மேடம் ஒரு திருத்தம் வந்த ஆண்டைச் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்தது. பழைய தொழில் புத்தி, உடனே தேடினேன். அவர் சொன்னதுதான் சரி. அத்தோடு கைபேசியைக் கீழே வைத்திருக்கலாம். அந்தப் பக்கத்தின் அடியில் தென்னை மரம் ஏறும் இயந்திரம் ஒன்றின் வீடியோ இருந்தது. நான் குடியிருப்பது மூன்றாவது மாடி. தென்னை என்று சொல்ல என்னிடம் ஓர் ஈர்க்குத் துடைப்பம்தான் உண்டு. ஆனாலும் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன், ஒழுங்கு முக்கியம் அல்லவா.

"மேடம், நூலு அறுந்துபோச்சுங்க."

கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். கடமை. நேராக மதுக்கரைக்காரரிடம் போனேன்.

"தம்பி, போனக் காட்டுங்க."

"சத்தியமா சட்டந்தானுங்க சார் படிக்கறேன்."

"அப்புறம் எதுக்குச் சிரிக்கறீங்க?"

"மூஞ்சியே அப்படித்தானுங்க. எங்கம்மாளும் இதத்தான் கேக்குது."

திரையைக் காட்டினார். சட்டம்தான். அடுத்த பெஞ்சு, அதற்கடுத்தது என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். கைபேசிகள் எல்லாம் கவிழ்ந்தே கிடந்தன. முதல் பெஞ்சில் அந்தப் பெண்மணி நின்றுபோன திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்டுபுடிச்சீங்களாண்ணா? நேரம் போகுதுங்க." அவர் குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. எனக்குக் கோபமே வந்தது. இப்படிப்பட்ட நாளில் யார் இவ்வளவு பொறுப்பில்லாமல் இருப்பது?

மதுக்கரைக்காரர் என் நெஞ்சைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் விரிந்தது.

"சார், உங்க பாக்கெட்டுல என்னமோ மரம் ஏறுதுங்க."

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மெல்லிய துணி. பைக்குள் வெளிச்சமாக ஓர் ஆள் தென்னை உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவசரமாக எடுத்து அணைத்தேன். அதற்குள் முதல் பெஞ்சு வரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மேடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எத்தனையோ பேரின் மறுப்பு அறிக்கைகளை வெட்டிச் சுருக்கியவன் நான். என்னுடையதைச் சுருக்கத் தெரியவில்லை. "இல்ல மேடம், நீங்க சொன்ன ஒரு தகவல சரிபார்க்கலாம்னுதான், அப்படியே அது, எப்படி வந்துச்சுன்னா..."

"ஓடுதுங்க!" என்றார் அந்தப் பெண்மணி.

திரையை எங்களுக்கும் தெரியும்படி லேசாகச் சாய்த்தார். நான் சொன்னது ஒரு சொல் விடாமல் பெரிய எழுத்தில் நின்றது, அந்த "எப்படி வந்துச்சுன்னா" உட்பட. அவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தென்ன மரத்தயுங்களாண்ணா சரிபாத்தீங்க?"

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டார். அந்த நிமிடமே பதவி மதுக்கரைக்காரருக்குப் போனது. அவர் என் கைபேசியை மட்டும் வாங்கி மேடத்தின் மேசையில் வைத்தார். "மத்தவிங்க வெச்சுக்கலாமுங்க" என்று அறிவிப்பும் செய்தார். மேடம் நூல் அறுந்த இடத்திலிருந்து பாடத்தை மறுபடி முழுதாகச் சொன்னார்.

தேர்வில் அந்தப் பகுதியிலிருந்தே பெரிய கேள்வி வந்தது. கருமத்தம்பட்டிப் பெண்மணி எழுதித் தேறினார். முடிவு வந்த அன்று பார்த்தபோது, "ரெண்டு தடவ சொன்னாங்கல்லங்ணா, நல்லாப் பதிஞ்சுபோச்சு" என்றார்.

நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். மேடம் அதை இரண்டாம் முறை சொன்னபோது கைபேசி என்னிடம் இல்லைதான். ஆனால் அந்தப் பெண்மணியின் திரையில் பார்த்த என் வாக்கியத்தை எப்படி வெட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வகுப்பு முடியும்வரை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன்.