இருபது நிமிடம் தொடாவிட்டால்

அருமனையில் இருந்த அந்த ஸ்கேனிங் ஆபீசுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மணி ஒன்றேகால். காண்ட்ராக்டர் ஒருவர் மேசையைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குள் இணையத்தில் ஏற வேண்டிய அவருடைய டெண்டர் ஆவணங்கள் ஏறவில்லை. அவற்றை ஏற்றப் போட்டிருந்த ஆபரேட்டர் லெட்சுமி சுவரோரம் நின்றாள். முதலாளி சுகுமாரன் என்னைப் பார்த்ததும் மெஷினைச் சோதிக்கச் சொன்னார். முந்தின நாள் சாயங்காலம் அதே மெஷினில் நான் வேலை பார்த்திருந்தேன்.

அங்கே பத்து மெஷின்கள். எல்லாம் பழசு, இரண்டு ஜிபி ராம். நான்தான் அவற்றில் பழைய மெஷின் தாங்குகிற லினக்ஸ் டெஸ்க்டாப் மென்பொருள் போட்டுக் கொடுத்தேன், வருஷ சர்வீஸும் என்னிடம்தான். கல்ஃபிலிருந்து திரும்பி ஆபீஸ் தொடங்கிய சுகுமாரனுக்கு, ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினாலே ஆகாது.

"ஆளில்லாத சீட்டுல மெஷின் எதுக்கு ஓய் முழிச்சிட்டு இருக்கு? கரண்டு போனா பேட்டரிய இதுவளே தீத்துருது. தன்னால உறங்குத மாதிரி வச்சிரும்" என்று முந்தின நாள் சாயங்காலம் சொன்னார்.

அது பெரிய வேலை இல்லை. பவர் மேனேஜரைத் திறந்து, இத்தனை நிமிடம் யாரும் தொடாவிட்டால் சஸ்பெண்ட், அதாவது மெஷினுக்கு உறக்கம், என்று வைத்தால் முடிந்தது. முதலில் இரண்டு நிமிடம் வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரை அணைந்து ஃபேன் நின்றது. மவுஸை அசைத்ததும் எழுந்தது. சுகுமாரனுக்கு ஒரே சந்தோஷம். எத்தனை நிமிடம் வைக்கலாம் என்று அவரிடம் கேட்டேன், இருபது என்றார். பத்து மெஷினிலும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் சீட்டுகளில் உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அவர் சொல்லிக்கொள்வார் என்று நான் இருந்துவிட்டேன், அவரும் அப்படியே இருந்திருப்பார்.

லெட்சுமியின் குடும்பம் அய்யாவழி. ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் கும்பிடும் நிழல்தாங்கல். மத்தியானம் பன்னிரண்டுக்கு அங்கே உச்சிப்படிப்பு வழிபாட்டுக்குப் போய்விட்டு ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் வேலைக்கே சேர்ந்தாள். கைக்குழந்தைக்காரி. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அவளுக்கு வேறு கம்ப்யூட்டர் வேலை கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் நெட்டைத் தொடமாட்டார்கள், வேகமாகப் போகும். அதனால் பெரிய ஃபைல்களை அவள் பன்னிரண்டுக்கு முன் ஏற்றத் தொடங்கிவிட்டுப் போவாள், வரும்போது முடிந்திருக்கும். பார்க்கப்போனால் நல்ல வேலைமுறை.

ஆனால் அந்த டெஸ்க்டாப்புக்குத் தெரிந்த வேலை கீபோர்டும் மவுஸும் மட்டும்தான். கை படாவிட்டால் சும்மா இருப்பதாகக் கணக்கு. உள்ளே ஃபைல் ஏறிக்கொண்டிருப்பதை அது பார்ப்பதில்லை. இது எனக்குத் தெரியாததல்ல, யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

மெஷின் தன் நடப்பையெல்லாம் நேரத்தோடு பதிந்துவைக்கும் லாகைத் திறந்தேன். பன்னிரண்டு பதினாறுக்கு சஸ்பெண்ட், ஏறிக்கொண்டிருந்த ஃபைல் அதோடு பாதியில் அறுந்திருக்கிறது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் வந்து மவுஸைத் தொட்டதும் எழுந்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து ஏற்ற நேரம் போதவில்லை. சுகுமாரன் என் தலைக்கு மேல் நின்று கேட்டார்.

"மெஷினுக்குக் கேடு ஏதும் உண்டா?"

நான் வைத்த செட்டிங் என்று சொன்னால் பத்து மெஷினும் கைவிட்டுப் போகும் என்று பயந்தேன். "மெஷினுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். பொய் இல்லை என்று அப்போதே எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

"கேட்டியாட்டி? மெஷினுக்கு ஒண்ணும் இல்லியாம். வேலைய அந்தரத்துல விட்டுட்டு சாமி கும்பிடப் போனா இப்பிடித்தான்."

உறங்க வைக்கச் சொன்னது தான்தான் என்று அவருக்கு மறந்துவிட்டதா, மறந்ததுபோல் இருந்தாரா, தெரியாது. லெட்சுமி என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. எல்லாரும் காண்ட்ராக்டரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில் பத்து மெஷினிலும் சஸ்பெண்டை எடுத்துவிட்டேன். திருடன் கால்தடத்தை அழிக்கிற வேலை அது. அந்த வாரத்தோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒரு துணிக்கடையில் பில் போடுவதாகச் சொன்னாள். காலையில் போனால் குழந்தை உறங்கிய பிறகுதான் வீடு சேர்கிறாளாம், உச்சிப்படிப்பெல்லாம் நின்றுவிட்டதாம். என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நடந்தது என் செட்டிங்கால்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"தெரியும் அண்ணே. லாக் பாக்க நீங்கதான படிச்சித் தந்திய? நீங்க வாரதுக்கு முன்னாலயே பாத்துட்டேன். நான் சொன்னா பழி போடுகேன்னு சொல்லுவாரு. நீங்க சொல்லுவியன்னுதான் நின்னேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சஸ்பெண்ட் வைக்கும் முன், அந்தச் சீட்டில் உட்காருகிறவரிடம் கேளுங்கள். கை படாமல் ஓடுகிற வேலை இருந்தால் திரையை மட்டும் அணைய விடுங்கள், மெஷினை உறங்க விடாதீர்கள். இதெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். தப்பு எல்லா டெக்னீஷியனுக்கும் நடக்கும். நடந்தால் அந்த அறையிலேயே, அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். பிறகு பஸ் ஸ்டாண்டில் சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை.