மகளுக்காக நான் சொன்ன வேண்டாம்

செஞ்சி கடைத்தெருவில் வளையல், பொட்டு, ரிப்பன் விற்கிற கடை என்னுடையது. எவள் வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எவள் மகள் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், எல்லாம் என் கடைக்கு வந்துவிட்டுத்தான் ஊருக்குள் போகும். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேட்டதோடு கொஞ்சம் சேர்த்துத்தான் அனுப்பிவைப்பேன். இதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். நான் செய்த காரியத்துக்கு இந்த வாய்தான் காரணம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் ஒரே மகளுக்கு மார்பில் கட்டி வந்தது. அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. சென்னையில் வேலை, கல்யாணம் ஆகவில்லை, அவள் அப்பாவும் உயிரோடு இல்லை. கேன்சர் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள்தான் என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து அவள் வார்டில் படுத்திருந்த நாளில் டாக்டரம்மா என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். இனிமேல் ஏற்றப்போகிற கீமோ மருந்து கருமுட்டைகளைப் பாதிக்கலாம், பிறகு குழந்தை உண்டாவது கஷ்டமாகலாம் என்றார். முன்கூட்டியே முட்டைகளை எடுத்து உறையவைத்துக்கொள்ள வழி இருக்கிறதாம். இரண்டு வாரம் போதும், இவள் விஷயத்தில் அதுவரை மருந்தைத் தள்ளிப்போடலாம். அடுத்த தெருவில் இருக்கிற குழந்தையின்மை சிகிச்சை மையத்துக்குச் சீட்டு எழுதித் தருவதாகவும், மகளிடம் கேட்டுச் சொல்லும்படியும் சொன்னார்.

அந்த இடம் எனக்குத் தெரியும். வாசலில் கொழுகொழுவென்று குழந்தை படம் போட்ட போர்டு. எங்கள் ஊர்ப் பெண்கள் யார் யார் அந்தப் படி ஏறினார்கள் என்று என்னைக் கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். கல்யாணமாகாத என் பெண் அங்கே போய், அதை ஒருத்தி பார்த்து வந்து சொன்னால் ஊரில் என்ன பேசுவார்கள்? கலைக்கப் போயிருக்கிறாள் என்பார்கள். வேறொருத்தி மகளாக இருந்திருந்தால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மறுநாள் டாக்டரம்மாவிடம் போய், "கேட்டுட்டேம்மா, வேணாம்னுட்டா" என்றேன். மகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள், ரத்தம் குறைவாக இருப்பதால் கீமோ இரண்டு வாரம் தள்ளிப்போகிறது என்று சொன்னாள். அதுவரை தினமும் ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஊசி மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தானே வயிற்றில் குத்திக்கொள்வாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை டெஸ்டுக்கு என்று பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறுவாள், கூட அவள் சிநேகிதி. என்னைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் புடவை மாற்றும்போது அவள் வயிற்றில் நீலம் நீலமாகத் தடம் பார்த்தேன். நோய் வயிற்றுக்கும் இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே அழுதேன். இவள் உயிரைக் கொடு தாயே, வேறொன்றும் கேட்கமாட்டேன் என்றேன். இன்னொரு நாள் மத்தியானம் கரண்ட் போய் வரவேயில்லை. ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் வாங்கிவந்து, குண்டானில் கொட்டி, அந்த ஊசி மருந்தை மேலே வைத்துக் காவல் இருந்தேன். கெட்டுப்போனால் என் பெண்ணுக்கு ரத்தம் ஊறாதே.

பிறகு கீமோ, முடி கொட்டியது, ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். மாதவிலக்கு நின்றுபோனது. காலண்டரைப் பார்த்துப் பார்த்து எட்டு மாதம் எண்ணினேன். வரவில்லை. அவள் தேறி வேலைக்குத் திரும்பினாள், அதற்கப்புறம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வளைகாப்புக்கு வளையல் எடுக்க யாராவது தாய்க்காரி சிரித்துக்கொண்டே கடைக்குள் வந்தால் எனக்கு வயிறு எரியும். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன். பொறாமை இல்லை, செய்த பாவம் அது.

போன மாதம் போன் பண்ணினாள். கூட வேலை செய்கிற பையன், எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொள்கிறேன் என்கிறான், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் செஞ்சிக்கு வருகிறார்கள் என்றாள். சனிக்கிழமை வந்து சேர்ந்தாள். சமையலறையில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்னது, நான் பொய் சொன்னது, எல்லாம்.

"உனக்குப் புள்ள பொறக்காதுடி. நான்தான் கெடுத்துட்டேன்" என்றேன்.

அவள் அழவில்லை. வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்மா. வேணாம்னு நானே சொன்னதா எழுதி, கையெழுத்துப் போடுன்னு நர்சு பேப்பர நீட்னாங்க. நான் போடல."

எனக்குப் புரியவில்லை. அவளே பொறுமையாகச் சொன்னாள். ரத்தம் ஊற என்று சொன்னது முட்டை வளர்கிற ஊசி. சிநேகிதியோடு போனது அந்தக் குழந்தை போர்டு போட்ட இடத்துக்குத்தான். செலவு தன் சேமிப்பிலிருந்து. பதினொரு முட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். அதை வைத்துக் குழந்தை நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு வருடத்தில் மாதவிலக்கும் திரும்பி வந்துவிட்டது. நோய் திரும்பாமல் இருக்க இப்போது சாப்பிடுகிற மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முயற்சி செய்யப்போகிறாள். தானாகவே உண்டானாலும் உண்டாகலாம்.

குழாயை மூடக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஊருக்குத் தெரியக்கூடாது என்று எதை மறுத்தேனோ அதற்குத்தான் ஐஸ் வாங்க ஓடியிருக்கிறேன். சந்தோஷப்பட வேண்டியவள், எனக்கு முதலில் வந்தது கோபம். நாலு வருஷமா உள்ளுக்குள்ளயே செத்துட்டு இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி பாவி என்று கத்தினேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீயா சொல்லுவன்னு பாத்துனு இருந்தேம்மா. இன்னிக்கி சொன்னதுகூட, நாளைக்கி அவங்க வர்றாங்கன்னுதான?"

இல்லடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னொரு பொய் வரவில்லை.