எர்த் போல்ட்டுக்கு அடியில் நீலம்

வாடகை அறைக்கு நான் குடிவந்த முதல் வாரமே மின்விசிறி நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆனாலும் ஸ்விட்சைப் பத்துத் தடவை தட்டியதைத் தாண்டி ஒன்றும் செய்யத் தெரியவில்லை. வீட்டுக்காரர் அனுப்பிய பெண்மணி ஸ்டூலில் ஏறிக் கண்டன்சரை மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே ஆற்றில் ஒரு சிவப்பு மோட்டார் படகு போய்க்கொண்டிருந்தது.

"அது நடு ஆத்துல நிக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன் தம்பி," என்றார். "ஆளுங்க ஏறாத நேரமாப் பாத்துதான். பாவம், அவங்க என்ன செஞ்சாங்க?"

படகுத்துறையில் அவருக்கு மீட்டரக்கா என்று பெயர். அந்தப் படகின் முதலாளி வேறு யாருமில்லை, அவருக்குக் கூடப்பிறந்த அக்காவின் கணவர்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அந்தப் படகின் வயரிங் முழுக்க மீட்டரக்காவின் கையில் இருந்தது. ஒருமுறை மகனுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டார். திரும்பி வந்த அன்று என்ஜின் புது நீல பெயிண்டில் மினுங்கியது. பயணிகள் காத்திருந்ததால் இணைப்புகளைக் கழற்றிப் பார்க்க நேரமில்லை. பதினான்கு பேரோடு போன படகு நடு ஆற்றில் அணைந்தது; மின்சாரம் போனால் டீசலை அடைத்துவிடும் வால்வு அதில் உண்டு. படகு ஆற்றோட்டத்தில் போய் மணல் திட்டில் ஏறியது.

அத்தான் கரையில் நின்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். "பொம்பள கைய வயர்ல வச்சா இப்பிடித்தான் ஆகும்! இனி உன் கை என் போட்டுல படக்கூடாது!"

அடுத்து வந்த எலக்ட்ரீஷியன் காரணம் எதையும் தேடவில்லை. என்ஜின் இரும்பைப் பேட்டரியோடு சேர்க்கும் எர்த் வயர் இன்னொன்றை இழுத்துக் கட்டினார், படகு ஓடிவிட்டது. இவள் கை பட்டு நின்றது, அவர் கை பட்டு ஓடியது என்று துறை தீர்ப்பு எழுதிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அதன்பின் ஒரு படகுக்காரரும் மீட்டரக்காவைக் கூப்பிடவில்லை. ஆறு வருடமும் மிக்சி, மின்விசிறி, அயர்ன் பாக்ஸ். சோறு கிடைத்தது; போன பெயர் கிடைக்கவில்லை. அந்த நீல பெயிண்டின் மேல் சந்தேகம் இருந்தது, கழற்றிப் பார்க்கத்தான் வழியில்லை. உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தார்.

போன மாதம் அத்தான் வாசலுக்கு வந்து நின்றார். படகு ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று பேர் பார்த்துவிட்டார்கள், பேட்டரியும் புதிது. மறுநாள் தகுதிச் சோதனை. சான்றிதழ் கிடைக்காவிட்டால் அந்தப் படகு ஓடும் தடம் வேறு படகுக்குப் போய்விடும்.

"சாவியத் திருப்பினா என்ன பண்ணுது?"

"டக்குங்குது, அவ்வளவுதான். ஹாரன அமுக்கினா லைட்டு மங்குது, டீசல் முள்ளு வேற எகிறுது."

மீட்டரக்காவுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. எர்த் விட்டுப்போனால்தான் மின்சாரம் இப்படிக் கண்ட வயரில் புகுந்து வழி தேடும். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"வரேன் அத்தான். ஆனா என் கை படாது, நீங்கதான சொன்னீங்க. நான் கரையில நிப்பேன். நீங்க செய்யணும். பத்து மணிக்கு, துறை நிறைய ஆளு இருக்கும்போது."

பத்து மணிக்கு அத்தான் வெள்ளைச் சட்டையோடு என்ஜின் குழிக்குள் இறங்கினார். மீட்டரக்கா கரையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நேரே எர்த்துக்குப் போயிருக்கலாம், போகவில்லை. முதலில் பியூஸ் ஒவ்வொன்றையும் கழற்றித் துடைக்கச் சொன்னார். பிறகு பின்விளக்கு. பிறகு அடித்தட்டில் தண்ணீர் இறைக்கும் பம்ப். அதற்கு அத்தான் எண்ணெய்ச் சேற்றில் குப்புறப் படுத்து ஊர்ந்து போக வேண்டியிருந்தது.

"முதலாளி, அங்க மீன் கெடச்சா எனக்கும் ரெண்டு!" என்றார் டிக்கெட்காரர். துறையே சிரித்தது.

மீட்டரக்காவின் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "என்னன்னு உனக்குத் தெரியும். வேணும்னேதானே இழுத்தடிக்கிற? போதும்டி, மனுசனுக்கு மூச்சு வாங்குது."

"ஆறு வருசம் எனக்கு வாங்கிச்சு. அன்னிக்கு யாருகிட்டப் போயி போதும்னு சொன்ன?"

மீட்டரக்கா குழியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அத்தான், நான் குடுத்த மீட்டர எடுங்க. கருப்ப பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, சிவப்ப என்ஜின் இரும்புல. டிரைவர் சாவியத் திருப்பட்டும். எவ்வளவு காட்டுது? அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது."

"பத்தரை," என்றது குழிக்குள்ளிருந்து வந்த குரல்.

"அப்ப எர்த்துதான். ரெண்டு வயரு இருக்கும் பாருங்க. சின்னத இழுங்க."

இழுத்தார். அடுத்து வந்த எலக்ட்ரீஷியன் கட்டிய அந்த வயர் பச்சையாக அரித்து, கையோடு வந்துவிட்டது.

"இப்ப பெரிய எர்த் கேபிளோட போல்ட்டக் கழட்டுங்க. கேபிள் முனைய எடுத்துட்டு, அடியில என்ன இருக்குன்னு சொல்லுங்க."

ஸ்பேனர் போல்ட்டில் உரசும் சத்தம் கேட்டது.

"பெயிண்டு."

"என்ன கலர்?"

"நீலம்."

"கரையில கேக்கல அத்தான்."

"நீலம்!"

"நான் மாட்டினப்ப அது வெறும் இரும்பு. அப்புறம் யாரோ கேபிளக் கழட்டி, பெயிண்ட் அடிச்சு, அது மேலயே மாட்டியிருக்காங்க. பெயிண்டுல கரண்டு போகுமா? நான் இல்லாத மூணு நாள்ல அடிக்கச் சொன்னது யாரு?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தான் குழியிலிருந்து தலையை நீட்டினார். சட்டை கரிந்த தோசைக்கல் மாதிரி இருந்தது.

"நான்தான். பாக்க அழகா இருக்கட்டும்னு அடிச்சேன்."

"அன்னிக்கு நின்னது யாரால?"

"...என்னாலதான்மா."

மீட்டரக்கா உப்புத்தாளைத் தூக்கி அவர் மேல் போட்டார். "இரும்பு தெரியற வரைக்கும் தேய்ங்க."

தேய்த்து மாட்டியதும் ஒரே திருப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. மீட்டரக்கா அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கவில்லை. மீட்டரை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். "பழசெல்லாம் விடும்மா, சாப்பிட்டுப் போ," என்று அத்தான் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. மனசு ஆறியதா என்று பிறகு ஒருநாள் நான் கேட்டேன். "பாதிதான் ஆறியிருக்கு. இன்னும் ரெண்டு மணி நேரம் குழிக்குள்ள வச்சிருக்கணும்," என்றார்.

மறுநாள் படகு சோதனையில் தேறியது. அக்கா அதற்குப் பிறகு தங்கையோடு பேசுவதில்லை. மீட்டரக்கா இப்போது அந்தத் துறையில் ஒன்பது படகுகளின் வயரிங்கைப் பார்த்துக்கொள்கிறார். மிக்சி வேலையை விட்டுவிட்டார்.